மட்டக்குதிரையும் ரெண்டு மாசக் கணக்கும்

போன வருஷம் மே மாசம் குடும்பத்தோடு கொடைக்கானல் போயிருந்தோம். ஏரியைச் சுத்தி வர்றதுக்குக் குதிரைதான் வேணும்னு என் பொண்ணு ஒரே அடம். சரின்னு பேரம் பேசி ஏத்தி விட்டாச்சு. குதிரைக்காரர் கயிறைப் பிடிச்சுக்கிட்டு முன்னால நடக்க, நான் பக்கத்துல நடந்தேன். அஞ்சு நிமிஷம் பேசாம நடந்தா எனக்கு வாய் நமநமங்கும். "அண்ணே, எத்தனை குதிரை வச்சிருக்கீங்க?"ன்னு ஆரம்பிச்சேன்.

"இப்போ இது ஒண்ணுதான் சார். இதுக்கு ஜோடி ஒண்ணு இருந்துச்சு. மார்கழியில போயிருச்சு."

"என்னாச்சு?"

"வயித்து வலி. ராத்திரி பூரா கீழ விழுந்து விழுந்து உருண்டுச்சு. விடிஞ்சு டாக்டர் வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு." கொஞ்ச தூரம் போனதும் அவரே தொடர்ந்தார். "ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா பூச்சி மருந்து கொடுக்கணும் சார். எங்கப்பா காலத்துல இருந்து அதான் கணக்கு. புரட்டாசியில கொடுத்தேன். கார்த்திகையில கொடுத்திருக்கணும். மூத்தவ கல்யாணச் செலவு, விட்டுப் போச்சு. என் தப்புதான்."

அதுக்கு மேல என்ன பேசுறதுன்னு தெரியலை. சவாரி முடிஞ்சு பொண்ணை இறக்கி விட்டு, காசு கொடுத்துட்டு வந்துட்டேன். ஆனா ஒரு விஷயம் மட்டும் மண்டைக்குள்ளயே நின்னுடுச்சு. ரெண்டு மாசம். ஏன் ரெண்டு மாசம்? மூணா இருந்தா ஆகாதா? இந்தக் கணக்கை முதல்ல போட்டது யார்?

நான் மாட்டு டாக்டர் இல்லை. ஆபீஸ்ல கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். சரித்திரக் கிறுக்கு கொஞ்சம் உண்டு, அவ்வளவுதான். ஊருக்கு வந்து தேட ஆரம்பிச்சதுல அந்த ரெண்டு மாசத்துக்குப் பின்னாடி ஒரு பெரிய கதையே இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுறேன். (லத்தி, புழுன்னு நிறைய வரும். சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க அப்புறமா வாங்க :-) )

ரத்தக் குழாயில் ஒரு புழு

நம்ம வீட்டுல என்ன பண்ணுவாங்க? பள்ளிக்கூட லீவு விட்டதும் ஒரு நாள் காலையில வெறும் வயித்துல விளக்கெண்ணெய். மூக்கைப் பிடிச்சு, வாயைத் திறக்க வச்சு, ஒரு மடக்கு. அன்னைக்கு முழுக்க ரசம் சாதம். 'வயித்துல பூச்சி' இருக்கோ இல்லையோ, மருந்து உண்டு. குதிரைக்கும் கிட்டத்தட்ட இதே நிலைமைதான் ரொம்ப காலமா இருந்தது. டர்ப்பன்டைன், ஆர்சனிக்னு என்னென்னமோ ஊத்தியிருக்காங்க. புழு செத்ததா, குதிரை செத்ததான்னு பல நேரம் சொல்ல முடியாத வைத்தியம்.

குதிரைக்கு வயித்து வலி வந்தா அது சாதாரண விஷயம் இல்லை. அதால வாந்தி எடுக்க முடியாது. குடல் ரொம்ப நீளம். எங்கேயாவது அடைச்சாலோ முறுக்கினாலோ உயிருக்கே ஆபத்து. இந்த வலிக்கும் புழுவுக்கும் என்ன சம்பந்தம்னு 1870-ல் ஜெர்மனியில் ஓட்டோ போலிங்கர் என்பவர் விரிவாக எழுதினார். செத்த குதிரைகளை அறுத்துப் பார்த்தபோது, குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி வீங்கிப் போயிருந்தது. அதுக்குள்ள ரத்தக் கட்டி. அந்தக் கட்டிக்குள்ள புழு!

வயித்துல இருக்க வேண்டிய புழு ரத்தக் குழாய்க்குள்ள எதுக்குப் போச்சு? ஸ்ட்ராங்கைலஸ் வல்காரிஸ்னு அதுக்குப் பேர். குதிரை புல் மேயும்போது புல் நுனியில் ஒட்டியிருக்கும் இளம்புழு உள்ளே போகும். போனது குடலில் சும்மா உட்காராது. குடல் சுவரைத் துளைச்சு, சின்ன தமனி வழியா ஏறி, பெரிய தமனிக்குப் போய் அங்கே சில மாசம் வளரும். அப்புறம் திரும்பக் குடலுக்கே வந்து பெரிசாகி முட்டை போடும். முட்டை லத்தியோடு வெளியே வந்து, பொரிஞ்சு, மறுபடி புல் நுனி. இந்த முழுச் சுற்றுக்கும் சுமார் 6 மாசம் ஆகும். இந்த '6 மாசம்' என்பதை மட்டும் மனசுல வச்சுக்குங்க. பின்னாடி தேவைப்படும்.

தமனியில் உண்டாகும் ரத்தக் கட்டி பிய்ச்சுக்கிட்டுப் போய்க் கிளைக் குழாயை அடைச்சா, அந்தப் பகுதிக் குடலுக்கு ரத்தம் நின்னு போகும். குடல் அழுக ஆரம்பிக்கும். குதிரை விழுந்து உருளும். கொடைக்கானல் அண்ணன் சொன்ன அதே காட்சி.

சாயத்துலேர்ந்து வந்த மருந்து

1918-ல் அமெரிக்காவில் மாரிஸ் ஹால் என்ற ஒட்டுண்ணி நிபுணரும் அவர் கூட்டாளிகளும் கீனோபோடியம் எண்ணெய்னு ஒரு செடி எண்ணெயைக் குதிரைகளுக்குக் கொடுத்து, எத்தனை புழு வெளியே வந்தது, எத்தனை உள்ளேயே நின்னதுன்னு எண்ணிப் பார்த்தாங்க. பாட்டி வைத்தியத்துக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் அந்த எண்ணிக்கைதான். ஆனா குதிரையைப் பட்டினி போட்டு, மூக்கு வழியா வயித்துக்குக் குழாய் விட்டு, அப்புறம் பேதிக்குக் கொடுத்து... ஒரு குதிரைக்கே ஒரு நாள் போயிடும்.

அடுத்து வந்தது ஃபீனோதயசின். 1883-ல் சாய ஆராய்ச்சியின் போது ஜெர்மனியில் தயாரிக்கப்பட்ட பொருள். அது புழுவைக் கொல்லும்னு 1938 வாக்கில் அமெரிக்காவில் கண்டுபிடிச்சாங்க. 1940-களில் ஆடு, மாடு, குதிரை எல்லாத்துக்கும் அதுதான். குதிரைக்குத் தீவனத்தோடு தினமும் ஒண்ணு ரெண்டு கிராம் கலந்து கொடுக்கிற பழக்கமும் வந்தது. மருந்து சாப்பிட்ட குதிரை சிவப்பா மூத்திரம் போகும். புதுசா பார்க்கிறவன் ரத்தம்னு நினைச்சு அலறுவான்.

1961-ல் மெர்க் கம்பெனியின் தயபெண்டசோல் வந்தது. அதுக்கு முன்னாடி இருந்ததெல்லாம் விஷத்துக்கும் மருந்துக்கும் நடுவில் தள்ளாடினது. இது அப்படி இல்லை, பாதுகாப்பானது. நம்ம ஊர்ல வருஷா வருஷம் பள்ளிக்கூடத்தில் குடற்புழு நீக்க நாளன்னைக்கு சப்பிச் சாப்பிடச் சொல்லி ஒரு மாத்திரை தர்றாங்களே, அல்பெண்டசோல்? அது இந்த தயபெண்டசோலோட தம்பி முறை. பேர்ல 'பெண்டசோல்'னு இனிஷியல் மாதிரி ஒட்டிக்கிட்டு வரும், பாருங்க.

கென்டக்கியில் போட்ட கணக்கு

இப்போ நம்ம ஆளுக்கு வருவோம். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் லெக்சிங்டன்னு ஒரு ஊர். பந்தயக் குதிரைப் பண்ணைகளுக்குப் பேர் போனது. அங்கே பல்கலைக்கழகத்தில் ஜே. எச். டிரட்ஜ், யூஜின் லயன்ஸ்னு ரெண்டு பேர் குதிரைப் புழுவே வாழ்க்கைன்னு இருந்தவங்க. 1966-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கத்தின் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினாங்க. சாரம் இதுதான்: பண்ணையில் இருக்கிற எல்லாக் குதிரைக்கும், வருஷம் முழுக்க, 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு தடவை மருந்து கொடுங்க.

அட, ரெண்டு மாசம்!

காரணம் ரொம்ப எளிமையானது. மருந்து கொடுத்த பிறகு லத்தியில் புழு முட்டை மறுபடி தலைகாட்ட சுமார் 8 வாரம் ஆகுது. அதுக்குள்ள அடுத்த வேளை கொடுத்துட்டா, புல்வெளியில் முட்டையே விழாது. அந்தத் தமனிப் புழுவுக்கு ஒரு சுற்று முடிய 6 மாசம் வேணுமே? குடலுக்குத் திரும்பி வந்து முட்டை போடத் தயாராகிற ஒவ்வொரு கூட்டத்தையும் ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை காலி பண்ணிக்கிட்டே இருந்தா, சில வருஷத்தில் வம்சமே அத்துப் போகும். அந்தக் கட்டுரைக்குக் குறியே ஸ்ட்ராங்கைலஸ் வல்காரிஸ்தான்.

கணக்கு பலிச்சது. நல்லாப் பராமரிச்ச பண்ணைகளில் அந்தப் புழு கிட்டத்தட்ட காணாமலே போச்சு. அதனால வர்ற வயித்து வலியும் குறைஞ்சது. எத்தனை ஆயிரம் குதிரை அந்தக் கட்டுரையால பிழைச்சிருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

1970-களில் இன்னொரு மாற்றம். மருந்து பசை வடிவத்தில், சிரிஞ்ச் மாதிரி ஒரு குழலில் வர ஆரம்பிச்சது. குதிரை வாயோரத்தில் விட்டு அமுக்கினா போதும். மூக்குக் குழாய் வேண்டாம், டாக்டரும் வேண்டாம். மருந்து டாக்டர் கையிலேர்ந்து சொந்தக்காரன் கைக்கு மாறிச்சு. கூடவே கென்டக்கிக் கணக்கும் மாறிச்சு. கட்டுரையில் இருந்த காரணம் எல்லாம் வழியில் உதிர்ந்து போய், 'ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா' மட்டும் மிச்சம். அது எப்படி கொடைக்கானல் ஏரிக்கரை வரைக்கும் வந்ததோ, அந்த அண்ணனோட அப்பாவுக்கு யார் சொன்னாங்களோ... நல்ல மருந்தை விட நல்ல விதிதான் வேகமா ஊர் சுத்தும்போல.

அப்புறம் வந்தார் பெரியவர். 1974-ல் ஜப்பானில் கவானா என்ற ஊரில், ஒரு கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்தில் சதோஷி ஓமுரா எடுத்த மண்ணிலிருந்து கிடைத்த நுண்ணுயிர். அதை மெர்க் கம்பெனியில் வில்லியம் கேம்ப்பெல் குழு சோதிச்சு உருவாக்கின மருந்துதான் ஐவர்மெக்டின். 1981-ல் கால்நடைகளுக்கும், 1983-ல் அமெரிக்காவில் குதிரைக்கும் வந்தது. தமனிக்குள்ள திரியிற இளம்புழுவைக்கூட இது கொன்னுச்சு. ஓமுராவுக்கும் கேம்ப்பெல்லுக்கும் 2015-ல் நோபல் பரிசு.

இதோட கதை முடிஞ்சிருந்தா சுபம் போட்டிருக்கலாம்.

பெரிசு போச்சு, சிறிசு வந்துச்சு

குதிரை வயித்துல ஒரே ஒரு சாதிப் புழு மட்டும் இல்லை. 'சின்ன ஸ்ட்ராங்கைல்'னு ஒரு பெரிய கூட்டம், கிட்டத்தட்ட 50 இனம், அங்கேயே குடியிருக்கு. இதுங்க தமனிக்கெல்லாம் போகாது. பெருங்குடல் சுவருக்குள்ள ஒரு சின்ன உறை கட்டிக்கிட்டுப் படுத்துக்கும். ரெண்டு மாசத்திலும் எழுந்திரிக்கும், ரெண்டு வருஷம் கழிச்சும் எழுந்திரிக்கும். பல மருந்துக்கு உறைக்குள்ள இருக்கிற புழு அசையாது. பல ஆயிரம் ஒரே நேரத்தில் சுவரைக் கிழிச்சுக்கிட்டு வெளியே வந்தா, குதிரைக்குக் கடுமையான பேதி. அந்த நிலைக்குப் போன குதிரைகளில் பாதி வரைக்கும் செத்துப் போகுது.

ரெண்டு மாசக் கணக்கு இந்தச் சின்னப் புழுக்களை ஒழிக்கலை. தேர்ந்தெடுத்துச்சு.

எப்படின்னு கேளுங்க. ஆயிரம் புழுவில் ஒண்ணு ரெண்டுக்கு இயற்கையிலேயே மருந்து ஏறாத உடம்பு இருக்கும். மருந்து கொடுத்ததும் மத்ததெல்லாம் சாகும், இதுங்க மட்டும் பிழைக்கும். அடுத்த சில வாரத்துக்கு லத்தியில் விழுற முட்டை எல்லாம் இதுங்களோடதுதான். எல்லாக் குதிரைக்கும் ஒரே நாளில் கொடுத்துட்டதால, கலந்து நீர்த்துப் போக வேற புழுவும் கிடையாது. ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி மருந்து, மறுபடி வடிகட்டு. நெல் விதைக்கிறவன் நல்ல விதையைப் பொறுக்கி எடுக்கிற மாதிரி, நாமளே மருந்துக்கு அடங்காத புழுவைப் பொறுக்கிப் பொறுக்கி விதைச்சிருக்கோம்.

இதை முதல்ல கண்டுபிடிச்சது யார் தெரியுமா? கணக்கு போட்ட அதே டிரட்ஜ்! 1957-லேயே ஆட்டுப் புழு ஒண்ணு ஃபீனோதயசினுக்கு அடங்கலைன்னு கென்டக்கியிலிருந்து எழுதினவர் அவர்தான். குதிரையின் சின்னப் புழு தயபெண்டசோலுக்கு எதிர்த்து நிக்குதுன்னு லயன்ஸோடு சேர்ந்து 1965-ல் எழுதினதும் அவரே. அதாவது ரெண்டு மாசக் கட்டுரைக்கு ஒரு வருஷம் முன்னாடி. ஆபத்து தெரிஞ்சேதான் சொல்லியிருக்கார். குதிரைகள் கண் முன்னால செத்துக்கிட்டு இருந்த காலத்தில், கொல்ற புழுவை முதல்ல கவனிப்போம்னு முடிவு பண்ணியிருக்கணும். அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செஞ்சிருப்பேன்னு தோணுது.

அப்புறம் அவங்க செஞ்ச காரியம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. கென்டக்கியில் ஷெட்லாந்து மட்டக்குதிரைகளை ஒரு தனி மந்தையா வச்சிருந்தாங்க. (ஷெட்லாந்துன்னா ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கிற தீவுக் கூட்டம். அங்கேருந்து வந்த குட்டையான, ரோமம் அடர்ந்த இனம்.) அந்த மந்தைக்குள்ள இருந்த சின்னப் புழுக்கள் ஏற்கெனவே பெண்டசோல் குடும்பத்துக்கு எதிர்த்து நின்னவை. 1970-களிலிருந்து வருஷக்கணக்கா அந்தக் குட்டைக் குதிரைகளுக்கு ஒவ்வொரு மருந்தா கொடுத்து, லத்தியை எடுத்து, முட்டையை எண்ணிக்கிட்டே இருந்தாங்க. ஆக்ஸிபெண்டசோல்னு ஒண்ணு முதல்ல நல்லா கேட்டது. வருஷங்கள் போகப் போக அதுவும் வலுவிழந்தது. 1992-லேர்ந்து 1999 வரைக்கும் பைரன்டெல்னு வேற குடும்பத்து மருந்து. அதுக்கும் புழு பழகிடுச்சு.

மருந்து ஒரே நாளில் தோத்துப் போறதில்லை. போன தடவையை விட இந்தத் தடவை நாலு முட்டை அதிகம், அடுத்த தடவை இன்னும் பத்து. எண்ணினவனுக்குத் தெரியும். எண்ணாம நாட்காட்டியை மட்டும் பார்த்துக் கொடுக்கிறவனுக்கு, குதிரை மெலிஞ்ச பிறகுதான் தெரியும்.

அதே பல்கலைக்கழகத்தில் இன்னொரு மந்தையும் உண்டு. 1979-லேர்ந்து அதுக்குப் புழு மருந்தே கொடுக்கறதில்லைன்னு வச்சிருக்காங்க. நல்லாப் பராமரிச்ச பண்ணைகளில் கிட்டத்தட்ட ஒழிச்சுக்கட்டின பழைய தமனிப் புழு அங்கே பத்திரமா உயிரோட இருக்கு. புழுவுக்கு ஒரு அருங்காட்சியகம்! பிற்காலத்து ஆராய்ச்சிக்கு அது ரொம்பவே உதவியிருக்கு.

2002-ல் நெதர்லாந்திலிருந்து இன்னொரு செய்தி. குதிரைக்குட்டிகளின் பெரிய உருளைப் புழுவுக்கு ஐவர்மெக்டினே வேலை செய்யலை. 2020-ல் அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்கு வந்த இளங்குதிரைகளின் சின்னப் புழுக்களிலும் அதே கதை. கடைசி ஆயுதத்திலும் ஓட்டை. 1980-களின் ஆரம்பத்துக்குப் பிறகு குதிரைப் புழுவுக்கு முற்றிலும் புதுசா ஒரு மருந்துக் குடும்பம் வரவே இல்லைங்கிறதையும் சேர்த்துப் பாருங்க.

டென்மார்க் செய்தது

1999-ல் டென்மார்க் ஒரு சட்டம் போட்டது. டாக்டர் சீட்டு இல்லாம குதிரைக்குப் புழு மருந்து கிடையாது. முன்னெச்சரிக்கையா சும்மா கொடுக்கவும் கூடாது. லத்தியைச் சோதிச்சு, முட்டை அதிகமா இருந்தா மட்டும் கொடுக்கணும்.

லத்திச் சோதனை பெரிய ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. மாங்காய் ஊறப்போட உப்புக் கரைசல் பதமான்னு பார்க்க கோழி முட்டையை மிதக்க விடுவாங்களே, அதே தத்துவம்தான். லத்தியைக் கெட்டியான உப்புக் கரைசலிலோ சர்க்கரைக் கரைசலிலோ கரைச்சு வடிகட்டினா, புழு முட்டை மேல மிதக்கும். கட்டம் போட்ட கண்ணாடித் தட்டில் அதை விட்டு மைக்ராஸ்கோப்பில் எண்ணணும். ஆஸ்திரேலியாவில் மெக்மாஸ்டர் ஆய்வுக்கூடத்தில் 1939-ல் ஆடுகளுக்காக உருவாக்கின முறை.

எண்ணிப் பார்த்ததில் ஒரு ஆச்சரியம். ஒரு மந்தையில் போடப்படும் முட்டைகளில் சுமார் 80 சதவீதம், சுமார் 20 சதவீதக் குதிரைகள்கிட்டேருந்துதான் வருது. மத்ததெல்லாம் ஒரே புல்லை மேஞ்சும் கொஞ்சமாத்தான் முட்டை போடுது. அதோட உடம்பே புழுவை அடக்கி வச்சுக்குது. அப்போ எல்லாத்துக்கும் ஏன் மருந்து? அந்த 20-க்குக் கொடு. மத்த குதிரைகளுக்குள்ள மருந்தையே பார்க்காத சாதுப் புழுக்கள் இருந்துட்டுப் போகட்டும். அதுங்க முட்டையும் புல்வெளியில் விழுந்தாத்தான், மருந்துக்கு அடங்காத கூட்டம் கலந்து நீர்த்துப் போகும்.

அருமையான யோசனை. ஆனா 2012-ல் டென்மார்க்கிலிருந்தே வந்த ஆய்வு ஒண்ணு யோசிக்க வச்சது. தேவைக்கு மட்டும் மருந்து கொடுக்கிற பண்ணைகளில், ஒழிஞ்சு போச்சுன்னு நினைச்ச ஸ்ட்ராங்கைலஸ் வல்காரிஸ் மறுபடி தலையெடுத்திருக்கு. மைக்ராஸ்கோப்பில் அதன் முட்டையும் சின்னப் புழுவின் முட்டையும் பார்க்க ஒரே மாதிரி. முட்டை கம்மின்னு விட்ட குதிரைக்குள்ள அது ஒளிஞ்சிருக்கலாம்.

ஆக, நிறைய கொடுத்தா சின்னப் புழு பழகிக்குது. ரொம்பக் குறைச்சா பெரிய புழு திரும்பி வருது. அதனால இப்போ சொல்றது நடுவழி. அமெரிக்கக் குதிரை மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்டு 2024-ல் திருத்தின வழிகாட்டியின்படி, வளர்ந்த குதிரைக்கு வருஷத்துக்கு ஒண்ணு அல்லது ரெண்டு தடவை அடிப்படையாகக் கொடுக்கணும். அதுக்கு மேல வேணுமான்னு லத்தியை எண்ணித் தீர்மானிக்கணும். மருந்துக்கு முன்னாடியும் ரெண்டு வாரம் கழிச்சும் எண்ணி, அது உண்மையிலேயே வேலை செய்யுதான்னு பார்க்கணும். குட்டிகளுக்கு மட்டும் தனிக் கணக்கு. எடையைக் கண்ணால மதிப்பிட்டுக் குறைவா கொடுக்கக் கூடாது, அதுவும் புழுவுக்குப் பயிற்சி கொடுக்கிற மாதிரிதான்.

இன்னொண்ணு மருந்தே இல்லாத மருந்து. 1980-களில் அமெரிக்காவில் ஹெர்ட் என்பவர் வாரம் ரெண்டு தடவை புல்வெளியிலிருந்து லத்தியை அப்புறப்படுத்திக் காட்டினார். முட்டை பொரிஞ்சு புல் ஏறுறதுக்குள்ள வாரிட்டா சங்கிலி அங்கேயே அறுந்துடும். எந்தப் புழுவும் துடைப்பத்துக்கு எதிர்ப்புச் சக்தி வளர்த்துக்க முடியாது :-)

மறுபடி ஏரிக்கரை

போன டிசம்பரில் திரும்ப கொடைக்கானல் போனேன். அண்ணன் அதே இடத்தில், அதே குதிரையோட. டீ வாங்கிக் கொடுத்து, இந்தக் கதை எல்லாத்தையும் என்னால முடிஞ்ச அளவுக்குச் சொன்னேன். ஜப்பான் மண்ணு, கென்டக்கி குட்டைக் குதிரை எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டார். கடைசியா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்.

"அப்போ நான் கார்த்திகையில மருந்து விட்டதால அது சாகலையா சார்?"

தெரியாதுண்ணேன்னு சொன்னேன். வயித்து வலிக்கு நூறு காரணம் இருக்கு. அறுத்துப் பார்க்காம யாராலும் சொல்ல முடியாது. "ஆனா அந்த ரெண்டு மாசக் கணக்கு உங்களுக்காகப் போட்டது இல்லண்ணே. வேற ஊர், வேற காலம், வேற புழு. அந்தக் கணக்கே அப்புறம் மாறிடுச்சு. ஒரு மாசம் தள்ளிப் போனதை மனசுல வச்சுக்கிட்டு மருகாதீங்க"ன்னு மட்டும் சொன்னேன். லத்தியை ஒரு பையில் போட்டு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கன்னும் சொன்னேன்.

டீ கிளாஸைக் கீழே வச்சுட்டுக் கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்தார். "நான் ஒருத்தன் செஞ்சு பிரயோசனம் இல்ல சார். ராத்திரியில எல்லார் குதிரையும் ஒரே எடத்துலதான் மேயுது. ஒருத்தன் குதிரை போடுற முட்டையைத்தான இன்னொருத்தன் குதிரை திங்குது? எல்லாரையும் கூட்டிப் பேசணும்."

நான் ஆறு மாசம் படிச்சுப் புரிஞ்சுக்கிட்டதை ஒரு டீ குடிக்கிற நேரத்தில் பிடிச்சுட்டார். கூட்டிப் பேசினாரான்னு அடுத்த தடவை போகும்போது கேட்கணும். நாங்க கிளம்பும்போது, குதிரை போட்ட லத்தியை ஒரு பழைய சாக்குல வாரிக்கிட்டு இருந்தார். தினமும் செய்யிற வேலைதானா, புதுசான்னு கேட்கலை.

கொசுறு: குதிரையின் பிடரித் தசைநாரில் ஒரு புழு உண்டு. அதோட குஞ்சுகள் தோலுக்குள்ள திரியும். ஐவர்மெக்டின் அதைக் கொல்லுதுன்னு குதிரையில் பார்த்த பிறகுதான், மனுஷனைக் குருடாக்கும் அதன் ஒன்றுவிட்ட சகோதரனுக்கும் இதைக் கொடுத்தா என்னன்னு கேம்ப்பெல் கேட்டார். 1981-ல் செனகலில் மனிதர்களிடம் முதல் சோதனை. 1987-லேர்ந்து மெர்க் கம்பெனி அதை இலவசமாகவே தருது. ஆப்பிரிக்க ஆத்தங்கரைகளில் பல பேருக்கு இன்னைக்குப் பார்வை இருக்குன்னா, அதில் பேர் தெரியாத சில குதிரைகளுக்கும் பங்கு உண்டு.